ரெண்டு விரல் இடம்

அப்பாதுரையின் வலது கால் செருப்பு மட்டும் முனையில் தேய்ந்திருப்பதை முதலில் கவனித்தவள் அவன் பெண்சாதி கன்னியம்மாதான். செருப்பென்றால் குதிகாலில் தேயவேண்டும். பம்மலில் பாதிப் பேர் குதிகால் போன செருப்போடுதான் நடமாடினார்கள். இவனுக்கோ பெருவிரல் பக்கம் ரப்பர் கரைந்து, விரல் மண்ணைத் தொட்டது. குடிக்க ஆரம்பித்துவிட்டானோ, தள்ளாடிக் காலை இழுத்துக்கொண்டு வருகிறானோ என்று சோறு போடும் சாக்கில் அவன் வாயை மோந்து பார்த்தாள். சுண்ணாம்பு வாடைதான் அடித்தது. அது இருபது வருஷமாக அடிக்கிற வாடை.

தொண்ணூற்று ஒன்றாம் வருஷம், சித்திரை கடைசி. கிணறுகள் வற்றி, கிடைக்கிற கொஞ்ச நஞ்சத் தண்ணீரும் உப்புக் கரிக்க, தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்ட காலம். பத்து நாளில் விஷயம் செருப்போடு நிற்கவில்லை. பாதம் தொங்கியது. முட்டியை உயரத் தூக்கி, பாதத்தைத் தப்பென்று தரையில் போட்டுத்தான் அவனால் நடக்க முடிந்தது. தெருமுனையில் தப், தப் என்று கேட்டால் கன்னியம்மா அடுப்பில் குழம்பைச் சூடுபண்ண வைத்துவிடுவாள்.

அப்பாதுரைக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டால்தான் மயிர் கழன்று வரும். ஊறுகிற தோலை இரும்புக் கிடுக்கியால் பிடித்து மேலே இழுத்து, திருப்பி, மறுபடி உள்ளே தள்ளவேண்டும். நனைந்த மாட்டுத்தோல் ஒன்று ஓர் ஆள் கனம் இருக்கும். ஈர விளிம்பில் நின்றுகொண்டு அதை இழுக்கிறவனுக்குக் கால் சொன்னபடி கேட்காவிட்டால் தோலுக்குப் பதில் அவன் தொட்டிக்குள் இருப்பான்.

மேஸ்திரி தேவானந்தம் கெட்டவன் இல்லை, பயந்தவன். பயந்தவன் செய்கிற கெடுதல் கொஞ்சநஞ்சமில்லை. தொங்கும் பாதத்தைப் பார்த்ததும், தன் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று நாலு பேர் காதில் போட்டான். மறுநாள் அப்பாதுரைக்கு மட்டும் டீ தனி கிளாஸில் வந்தது. அடுத்த நாள், அந்த நோய் இல்லையென்று எழுதி வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

அந்த நோய் என்றுதான் சொன்னான். குஷ்டம் என்று பேரைச் சொன்னால் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்கிற மாதிரி எங்கள் பக்கத்தில் ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். அதற்கு மாத்திரை வந்து, தின்றால் தீர்ந்துபோகும் என்று பள்ளிக்கூடச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார்கள். எழுத்துக்கு அடியில் சைக்கிளைச் சாத்திவிட்டுப் போனார்களே தவிர, படித்தவர் யார்? எனக்கு இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

கன்னியம்மாவும் வாய் திறந்து அந்தப் பேரைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், போட்டிக் கறி தின்றுவிட்டு அவன் அசந்து தூங்கும்போது, வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவன் வலது பாதத்தின் மேல் குத்திப் பார்த்தாள். அவன் அசையவில்லை. இன்னும் அழுத்தினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது, குறட்டை நிற்கவில்லை. முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துவிட்டு ஊக்கைப் பழையபடி வளையலில் மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் ஒரு டாக்டர் காலைப் பார்த்து, சீட்டில் இரண்டு வார்த்தை எழுதி, குரோம்பேட்டையில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற பிசியோதெரபி மையத்துக்குப் போகச் சொன்னார். ஜிஎஸ்டி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு அறை. அங்கே இருந்தவள் ஷரீஃபா. முப்பது வயசு, பல்லாவரத்துப் பெண். அவள் அப்பா உமர் பாய் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். எந்தத் தோலையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார் என்று பேர். மகளுக்கும் அதே வியாதி. ஒரு காலை நேரத்துக்கு இரண்டே ஆளைத்தான் பார்ப்பாள், வெளியே பெஞ்சில் கழுத்து வலியும் தோள் வலியும் முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் எங்கள் ஜனங்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி போவார்கள். அப்பாதுரை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, காலெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி, வெள்ளை வேட்டியில் வந்திருந்தான். எங்கே வேலை என்று கேட்டதற்குக் கம்பெனியில் என்றான். எந்தக் கம்பெனி என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் தோல் ஷாப்பு வெளியே வந்தது.

ஷரீஃபா சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள். அப்புறம் காலையே தொடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லி, வராந்தாவில் ஆறு தடவை நடக்கவிட்டாள். முன்னால் நின்று பார்த்தாள், பின்னால் நின்று பார்த்தாள், தரையில் உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தாள். அவன் செருப்பைக் கையில் எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தபோது கன்னியம்மாவுக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அடுத்து தையல்காரர் டேப்பால் இரண்டு தொடையையும் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். ரப்பர் சுத்தியலால் முட்டியைத் தட்டினாள். இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று ஒவ்வொன்றாகத் தன் உள்ளங்கையை வைத்து எதிர்த்துத் தள்ளச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட்டாள். பாதத்தைக் கீழே அழுத்துவதற்கு ஐந்து. மேலே தூக்குவதற்குச் சைபர். பள்ளிக்கூடத்தில் வாங்கினதுதான் இங்கேயும் என்று அப்பாதுரை சிரித்தான். சிரித்துவிட்டுப் பெண்சாதி முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஷரீஃபா பஞ்சையும் ஊசியையும் எடுத்து வைத்து அவனைக் கண்ணை மூடச் சொன்னபோது கன்னியம்மாவால் தாங்க முடியவில்லை.

“அங்க சொரணை இல்லம்மா. நான் குத்திப் பாத்துட்டேன். ரத்தமே வந்துச்சு, அதுக்கு ஒண்ணியும் தெரியல. அன்னிலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. இன்னா நோவுன்னு சொல்லிடு. இப்டி இஸ்துகினே போவாத.”

அப்பாதுரை கண்ணைத் திறந்து பெண்சாதியைப் பார்த்தான். குத்தின விஷயம் அவனுக்கு இப்போதுதான் தெரியும். ஷரீஃபா ஊசியைக் கீழே வைத்தாள்.

“எத்தனை இடத்துல குத்தினீங்கக்கா?”

“ஒரு இடந்தான்.”

“நான் அறுபது இடத்துல குத்தணும். ரெண்டு கால்லயும். ஒரு இடத்துல குத்திட்டு நீங்க இத்தனை நாள் சாப்பிடாம இருந்திருக்கீங்க. நீங்க பயப்படற நோயா இருந்தா மாத்திரை குடுத்து சரி பண்ணலாம், அதுக்கு வெட்கப்பட ஒண்ணுமில்ல. இல்லன்னா வேற காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிச்சாகணும். ரெண்டையும் பார்க்காம என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது. நீங்க என்னைத் திட்டினாலும் வராது.”

கன்னியம்மா திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஷரீஃபா குத்திக்கொண்டே போனாள். தெரிகிறது என்றால் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி, தெரியவில்லை என்றால் பெருக்கல் குறி. இரண்டு சீசாவில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வைத்து மாற்றி மாற்றித் தொட்டாள். முதுகு, காது மடல், புருவம் எல்லாம் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தாள். வெளிறின தேமல் எங்கேயும் இல்லை. முழங்கையிலும் கழுத்திலும் நரம்பைத் தடவினாள், தடிப்பு இல்லை. உள்ளங்காலில் குத்தியபோது அவன் கூச்சம் தாங்காமல் காலை இழுத்துக்கொண்டான். கடைசியில் பெருக்கல் குறிகளைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் தொடங்கி பாதத்தின் மேல்பக்கம் வந்து நின்றது கோடு. அதற்கு வெளியே ஒரு பெருக்கல் குறிகூட இல்லை.

“ஒரே ஒரு நரம்போட எல்லை இது,” என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

முட்டிக்குக் கீழே, வெளிப்பக்கத்தில் எலும்பு முண்டாகத் துருத்தும் இடத்தில் விரலால் தட்டினாள். அப்பாதுரை துள்ளிவிட்டான். ஷாக் அடித்த மாதிரி பாதம் வரைக்கும் ஓடியதாகச் சொன்னான். அவள் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிச்சி வந்தது. அப்புறம் அந்த இடத்தில் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். கால் முழுக்க முடி இருந்தது, அங்கே மட்டும் விரல் அகலத்துக்கு வழவழவென்று முடியில்லாமல் ஒரு வளையம். இது என்ன என்று கேட்டாள். வேலைத் தழும்பு என்றான் அவன். அவன் கை நகமெல்லாம் சுண்ணாம்பு தின்று மஞ்சளாகிக் கிடந்தது. தழும்பை எண்ணுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

பொங்கலுக்கும் சித்திரைக்கும் நடுவில் வேலையில் என்ன மாறியது என்று கேட்டாள். ஒன்றும் மாறவில்லை என்றான். வேறு விதமாகக் கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் கன்னியம்மா. அவர்கள் பொய் சொல்லவில்லை. நல்லதற்காகச் செய்த ஒரு காரியம் யாருக்குத்தான் கேட்டவுடன் ஞாபகம் வரும்?

“நாளைக்கு மறுபடியும் வாங்க. குளிச்சுட்டு வராதீங்க. வேலைக்குப் போற மாதிரியே வாங்க.”

அதற்கு அப்பாதுரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தத் துணியோடு பஸ் ஏறினால் கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிடுவான் என்றான், இந்தம்மாவுக்கு வேறு வேலை இல்லை என்றான், வழி முழுக்கப் பேஜாராக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே வந்தான். மறுநாள் காலை கன்னியம்மா வேலைத் துணி, பூட்ஸ், மற்ற சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். பஸ்ஸில் சாக்கைச் சுற்றி நாலு சீட் காலியானது. மூக்கைப் பொத்திக்கொண்ட ஒருத்தனை அவள் பல்லாவரம் வரைக்கும் முறைத்துக்கொண்டே வந்தாள்.

மையத்தில் அப்பாதுரை காக்கி அரை டிராயர் மாட்டி, பூட்ஸில் காலை நுழைத்தான். வலது பூட்ஸின் மேல்பக்கம் கிழிந்திருந்தது. தை மாசம் அந்தக் கிழிசல் வழியாகச் சுண்ணாம்புத் தண்ணீர் இறங்கிக் கால் வெந்துபோய், ஒரு வாரம் கஞ்சித் தண்ணீரில் நனைத்த துணியைக் குளிரவைத்துப் போட்டவள் கன்னியம்மா. இனி ஒரு சொட்டு இறங்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு பண்ணினாள். புது பூட்ஸ் கேட்டால் மேஸ்திரி ஆடி ஆவணி என்பான். அதனால் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

அந்த வழியை ஷரீஃபா இப்போது பார்த்தாள். கன்னியம்மா ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, விரல் அகலத்தில் அறுத்த பச்சைத் தோல் வார் ஒன்றை அதில் முக்கி வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, யூரியா பையை பூட்ஸ் மேல் சுற்றி முட்டி வரைக்கும் ஏற்றினாள். ஊறின வாரை முட்டிக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, அவன் முழங்கால் எலும்பில் தன் காலை முட்டுக் கொடுத்து இழுத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டாள். எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. தினமும் விடியற்காலை வாசற்படியில் நடக்கிற காரியம் அது. அவன் காலை நீட்டுவான், அவள் கட்டுவாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் கொஞ்சிப் பேசினதில்லை. அந்த முடிச்சுதான் அவளுடைய கொஞ்சல்.

ஷரீஃபா வாருக்கு அடியில் ஒரு விரலை நுழைக்கப் பார்த்தாள். நகம்கூடப் போகவில்லை.

“இது காய்ஞ்சா என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

தோல் மண்டிக்காரர் மகளுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் கேட்டாள். அப்பாதுரைக்குத் தொழில் பெருமை வந்துவிட்டது.

“பச்சத் தோலும்மா அது. வெயில்ல காயக் காய சும்மா கவ்விப் புடிச்சிக்கும். சாயங்காலம் வூட்டுக்கு வந்து கத்தியால அறுத்தாத்தான் கழலும். அப்டி கட்டுவா இவ. ஒரு சொட்டு எறங்காது.”

கன்னியம்மாவின் கை அவன் கால்மேல் அப்படியே நின்றுபோனது. அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது, அப்பாதுரைக்குப் புரிய இன்னும் பத்து நிமிஷம் ஆனது. அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. பல்லால் இழுத்தாள். ஷரீஃபா கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் நரம்பு அந்த ஒரு இடத்தில்தான் ஒளிய இடமில்லாமல் ஓடுகிறது, மூணு மாசம் தண்ணீர் பைப்பை மிதித்த மாதிரி அதை மிதித்திருக்கிறது இந்த வார் என்று ஷரீஃபா சொன்னாள். நரம்பு சாகவில்லை, செத்திருந்தால் தட்டினபோது ஷாக் அடித்திருக்காது என்றும் சொன்னாள். திரும்பி வர நாலு மாசமோ ஆறு மாசமோ ஆகலாம், தினமும் பயிற்சி செய்யவேண்டும். அதோடு விட்டால் அவள் ஷரீஃபாவே இல்லை. தோல் டாக்டரிடம் அனுப்பிக் காது மடலில் கீறி எடுக்கிற சோதனையும் பண்ணவைத்தாள். ஒரு வாரம் கழித்து அதிலும் ஒன்றுமில்லை என்று வந்தது. வந்த பிறகுதான் காகிதத்தைக் கையில் எடுத்தாள்.

அந்த நோய் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றாள் கன்னியம்மா. ஒரு வரி எழுதினால் இன்னொருத்தர் ஒரு வரியில் மறுத்துவிடுவார் என்று சொல்லி, நாலு பக்கம் எழுதினாள் ஷரீஃபா. டேப் அளவு, மார்க், குத்தின இடங்கள், பாதத்தின் படம், படத்தில் அந்தக் கோடு, சோதனை முடிவு எல்லாம் இருந்தது. கடைசிப் பாராவைத் தமிழில் எழுதினாள்.

கன்னியம்மா புருஷனையும் கூட்டிக்கொண்டு ஷாப்புக்குப் போனாள். தேவானந்தம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். படத்தைக் காட்டி இது என்ன மேப்பு என்று கேட்டான். கடைசிப் பாராவை உதடு அசையப் படித்தான். இரண்டாம் தடவையும் படித்தான். கால் சரியானதும் வரட்டும், இடம் போகாது என்று முனகினான். அவ்வளவுதானே, கிளம்பியிருக்கலாம். கன்னியம்மா கிளம்பவில்லை.

“ஒரு டீ சொல்லு மேஸ்திரி.”

டீ வந்தது. அவள் மேஸ்திரி குடித்து வைத்திருந்த கிளாஸையும் புருஷனையும் காட்டினாள்.

“அதுல ஊத்தி அதுக்குக் குடு. இத்தினி பேர் பாக்கறப்பவே குடு. குடிச்சிட்டு வெச்சதும் நீ அதுலயே குடி.”

தொட்டிக்காரர்கள் கிடுக்கியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தேவானந்தம் ஊற்றினான். அப்பாதுரை பாதி குடித்து வைத்தான். மீதியை மேஸ்திரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சூடு ஆறிப்போச்சு என்று யாரையோ திட்டினான்.

ஊர் வாய் மூடிவிட்டது. கால் திரும்பவில்லை. ஆனி போய் ஆடி வந்தது. அம்மன் கோயில் ஸ்பீக்கர் குழாய்கள் அலறின, தெருத்தெருவாகக் கூழ் ஊற்றினார்கள். விடியற்காலை வார் கட்டுகிற அதே நேரத்துக்கு, அதே வாசற்படியில், கன்னியம்மா அவன் காலை மடியில் போட்டுக்கொண்டு ஷரீஃபா காட்டின மாதிரி பாதத்தை மேலே மடக்குவாள், முப்பது எண்ணுவாள், விடுவாள். தூக்கு என்பாள். தூக்காது. மறுபடி தூக்கு என்பாள். அவன் அலுத்துக்கொண்டாலும் அவள் விடுவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் குரோம்பேட்டைக்குப் போய், முதலிலிருந்து எல்லாவற்றையும் ஷரீஃபா மறுபடி அளப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இருக்கிற வீட்டு வேலையோடு இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கவும் ஒத்துக்கொண்டாள். இவ்வளவும் செய்தவள் அவனோடு மட்டும் சரியாகப் பேசவில்லை. கருவாட்டுத் தொக்கை அவன் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு வெறும் கூழை ஊற்றிக்கொள்வாள்.

ஒரு நாள் காலை அவன்தான் கேட்டான்.

“இன்னாம்மே, மூஞ்சத் தூக்கி வெச்சிகினே கீறே?”

“நான்தான கட்டனேன்,” என்றாள். கண்ணீர் அவன் பாதத்தில் விழுந்தது. அது விழுந்தது அவனுக்குத் தெரியவில்லை, அங்கேதான் சுரணை இல்லையே. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

“நீ கட்டனே. நான்தான நீட்டனேன்? வலிக்குதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னனா? நல்லா இறுக்கமா கீதுன்னு குஷியாத்தான் போனேன். எண்ணு. முப்பது ஆவல.”

அவள் மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து எண்ணினாள்.

ஆவணியில் ஒரு நாள் பெருவிரல் ஒரு துளி அசைந்தது. அவன் நம்பவில்லை, அவள் விரலை வைத்துப் பார்த்து நம்பினாள். ஷரீஃபா ஒன்று என்று மார்க் போட்டாள். புரட்டாசி பாதியில் இரண்டு, கடைசியில் மூன்று. ஐப்பசியில் கன்னியம்மா தன் உள்ளங்கையை அவன் பாதத்தின்மேல் வைத்து அழுத்தி, தூக்கு என்றாள். அவன் தூக்கினான். அவள் கை மேலே போனது. இது நாலு என்று அவளே சொல்லிவிட்டாள். குரோம்பேட்டையில் ஷரீஃபா எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்து, ஒன்றரை மணி நேரம் கழித்து, நாலு என்றாள்.

அவன் வேலைக்குத் திரும்பின அன்று மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மேஸ்திரி புது பூட்ஸ் தருவதாகச் சொல்லியிருந்தான், தீபாவளிக்கு அப்புறமாம். வாசற்படியில் உட்கார்ந்து அப்பாதுரை பழைய பூட்ஸை மாட்டி, யூரியா பையைச் சுற்றிக்கொண்டு, காலை நீட்டினான். கன்னியம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் கட்ட மாட்டேன். நீயே கட்டிக்க.”

அவன் காலை மடக்கவில்லை. நீட்டின கால் நீட்டினபடியே இருந்தது. மழைச் சாரல் பூட்ஸ் மேல் விழுந்துகொண்டிருந்தது.

“இந்நேரத்துக்கு உன் கை பட்டாத்தான் கால் கெளம்புது. கட்டும்மே, டைமாவுது.”

அவள் உள்ளே போய்ப் பழைய நூல் புடவையில் ஒரு பட்டை கிழித்துக்கொண்டு வந்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எலும்பு முண்டை விரலால் தடவிப் பார்த்து, அதற்கு நாலு விரல் கீழே சுற்றிக் கட்டினாள். கட்டுக்கு அடியில் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்து விட்டுப் பார்த்தாள். இரண்டாவது விரல் சிரமப்பட்டது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். இப்போது இரண்டும் போனது. விரல்களைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தாள்.

“லூசா கீது. தண்ணி எறங்கிடப் போவுது.”

“எறங்குனா எறங்கட்டும். வேலைய நிறுத்திட்டு அவுத்துக் கட்டு. பத்து தபா கட்டு. ரெண்டு வெரல் போவுதான்னு பாத்துட்டு எடுத்து வெய் காலை.”

அவன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். தெருமுனை திரும்புகிறவரைக்கும் அந்தத் தப், தப் கேட்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.